குளிரில் பைக் ஓட்டும்போது கை விறைக்காமல் இருக்க: நீலகிரி ஏறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கமிருந்து விடியற்காலையில் மலையேறி வருகிற பைக்குகளைக் குன்னூரில் நிறையப் பார்க்கலாம். டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட் பக்கிளைக் கழற்ற முடியாமல் விரலை ஊதிக்கொண்டு நிற்பார்கள். நான் குன்னூரில் குடியிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறவன். அந்த வாசலில் கேட்கிற சந்தேகங்களும், கீழேயிருந்து சொந்தக்காரர்கள் ஃபோனில் கேட்கிற சந்தேகங்களும் வருஷா வருஷம் ஒன்றேதான். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணா, உடம்பெல்லாம் ஓரளவு தாங்குது. கை மட்டும் ஏன் இப்படி விறைக்குது?

வண்டியில் உங்களுக்கு முன்னால் போவது கைதான். காலுக்கு என்ஜின் சூடு கொஞ்சம் கிடைக்கிறது, நெஞ்சுக்கு ஜாக்கெட் இருக்கிறது. கையை நீட்டி, காற்றுக்கு எதிரில், ஒரே நிலையில் வைத்திருக்கிறீர்கள். விரலில் தசை கிடையாது. அதை அசைக்கிற தசை முழங்கைக்குக் கீழே இருக்கிறது. அதனால் விரல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது, இரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

அந்த இரத்தத்தைத்தான் குளிரில் உடம்பு குறைக்கிறது. நெஞ்சு, வயிறு, மூளை இவற்றைச் சூடாக வைத்திருப்பது அதற்கு முக்கியம். உள்சூடு கொஞ்சம் இறங்கினாலே விரல், கால்விரல்களுக்குப் போகிற குழாய்களைச் சுருக்கிவிடும். ஆக, கை குளிர்வதற்கு இரண்டு காரணம்: வெளியே காற்று, உள்ளே இரத்தம் வராதது. எல்லோரும் முதலாவதுக்கு மட்டும் வழி கேட்கிறார்கள். பாதிப் பிரச்சினை இரண்டாவதில் இருக்கிறது.

ஊட்டில ஜனவரில எவ்வளவு குளிரும்? வண்டில போனா எவ்வளவு தெரியும்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழே 18 டிகிரியில் டீ-ஷர்ட்டோடு கிளம்பினால் மேலே 6 டிகிரி காத்திருக்கும். தெளிந்த வானமாக இருந்தால் இரவில் இன்னும் இறங்கும். தலைக்குந்தா, காந்தல் மாதிரி பள்ளமான புல்வெளிப் பகுதிகளில் குளிர்காற்று கீழே வடிந்து தேங்கிக்கொள்வதால் பூஜ்ஜியத்தைத் தொட்டு உறைபனி விழும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், சில விடியலில் அதைவிடப் பள்ளத்தில்தான் குளிர் அதிகம்.

இதன் மேல் காற்று. சூடான டீயை ஊதி ஆற்றுகிற வேலையைத்தான் காற்று உங்கள் விரலில் செய்கிறது. காற்றுக்குளிர்ச்சிக் கணக்குப்படி, 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 டிகிரி என்பது வெறும் தோலுக்கு 5 டிகிரி போலவும், 5 டிகிரி என்பது மைனஸ் 2 போலவும், 0 டிகிரி என்பது மைனஸ் 9 போலவும் இருக்கும். வேகத்தை 30-க்குக் குறைத்தாலும் அந்த மைனஸ் 2 பூஜ்ஜியம் அளவுக்குத்தான் வரும். ‘மெதுவா போனா குளிராது’ என்பதில் பெரிய லாபம் இல்லை. காற்றைத் தடுப்பதில்தான் லாபம்.

திபெத்தியன் மார்க்கெட்ல கம்பளி கிளவுஸ் கிடைக்குமே, அது போதாதா?

நடப்பதற்குப் போதும். தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்க்க அருமையான கிளவுஸ். வண்டியில் ஏறினால் பின்னல் இடைவெளி வழியாகக் காற்று நேராக உள்ளே போகும். கம்பளியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் காற்று போகிற இடம். இன்னொன்று, அந்த நூல் ஹேண்டில் ரப்பரில் வழுக்கும். கீழே விழுந்தால் தோலையும் காப்பாற்றாது.

தூக்கிப் போட வேண்டாம். மேலே காற்றுப் புகாத ஓர் உறை இருந்தால் கம்பளி மிக நல்ல உள்ளாடை.

அப்போ எந்த கிளவுஸ் வாங்கறது? நல்லா தடியா இருக்கறதா பாத்து வாங்கலாமா?

தடிமன்தான் வாங்குகிறவர்களை ஏமாற்றுவது. மூன்று விஷயம் பாருங்கள்: காற்றுப் புகாத மேல்பகுதி, உள்ளே கோர்-டெக்ஸ் மாதிரி தண்ணீர் புகாத ஒரு படலம், மணிக்கட்டைத் தாண்டி மேலே வருகிற நீளக் கழுத்து. உள்ளே தின்சுலேட் போன்ற மெல்லிய பஞ்சு கொஞ்சம் இருந்தால் போதும். பஞ்சு அதிகமானால் பிரேக் லீவரை விரல் உணராது. மலைப்பாதையில் அது குளிரைவிட மோசம்.

கடையில் மேஜைமேல் கையை விரித்துப் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலில் நிற்கிற உங்கள் வண்டிக்கே போய் ஹேண்டிலைப் பிடியுங்கள். பிடித்த நிலையில் விரல் நுனிக்கும் கிளவுஸ் நுனிக்கும் நடுவே துளி இடம் இருக்க வேண்டும். நுனி முட்டினால் பஞ்சு அமுங்கிவிடும். அமுங்கிய பஞ்சில் காற்று நிற்காது, சூடும் நிற்காது. பிறகு இண்டிகேட்டர் சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள், இரண்டு விரலால் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். இவை தடுமாறினால் அந்த ஜோடி வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இறுக்கமானதை விட்டு ஒரு சைஸ் பெரியதை எடுங்கள். இறுக்கம் இரத்த ஓட்டத்தையும் தடுக்கும்.

ஏனுங்க, காசு செலவு பண்ணாம ஏதாவது வழி இருக்குங்களா?

இருக்குங்க. மருந்துக்கடையில் டாக்டர்கள் போடுகிற நைட்ரைல் கையுறை கிடைக்கும். அதை உள்ளே போட்டு, மேலே உங்கள் சாதாரண கிளவுஸைப் போடுங்கள். மெல்லியதாக இருப்பதால் லீவர் உணர்வு போகாது, காற்று அறவே நிற்கும். கை கொஞ்சம் வியர்க்கும். கழற்றியதும் துடைத்துக்கொள்ள வேண்டும். துடைக்காமல் ஈரக் கையோடு மறுபடி கிளம்பினால் போட்ட பலன் போய்விடும்.

இரண்டாவது, பழைய செய்தித்தாள். நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வையுங்கள். கைக்கு வழி கேட்டால் நெஞ்சுக்குச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், முதல் பதிலில் இருக்கிறது காரணம். மூன்றாவது, பழைய சாக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டுக் கணுக்கால் பகுதியை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது. கிளவுஸும் ஜாக்கெட் கையும் சேருகிற அந்த இரண்டு அங்குல இடைவெளியில் நாடித்துடிப்பு தெரிகிறதல்லவா? விரலுக்குப் போகிற இரத்தம் தோலுக்கு மிக அருகில் ஓடுகிற இடம் அது. அங்கே காற்றுப் பட்டால் இரத்தம் ஆறித்தான் விரலுக்கு வரும்.

பாலித்தீன் பையைக் கிளவுஸ் மேலே கட்டுவதைச் சிலர் செய்கிறார்கள். ஆக்ஸிலேட்டரில் வழுக்கும். வேண்டாம்.

நல்ல கிளவுஸ்தான் ப்ரோ, நாலாயிரம் ரூபா. ஒரு மணி நேரத்துல மறுபடியும் விறைச்சுருச்சு. ஏமாத்திட்டாங்களா?

அநேகமாக ஏமாற்றவில்லை. கிளவுஸ் சூடு தராது, இருக்கிற சூட்டைக் காக்கும். உள்ளே இரத்தம் வரவில்லையென்றால் காக்க என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: கழுத்தில் என்ன இருந்தது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? பெரும்பாலும் இரண்டுக்கும் ‘ஒண்ணும் இல்ல’ என்றுதான் வரும். கழுத்து திறந்திருந்தால் காற்று காலர் வழியே நெஞ்சுக்குள் இறங்குகிறது. ஒரு மஃப்ளரோ, பஃப் என்கிற கழுத்துத் துணியோ கட்டினாலே கையில் வித்தியாசம் தெரியும். வெறும் வயிற்றோடு வந்தால் உடம்புக்கு எரிக்க ஒன்றும் இல்லை. மேட்டுப்பாளையத்திலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

இன்னொரு காரணம் பிடி. குளிரில் நம்மை அறியாமல் ஹேண்டிலை நெரித்துப் பிடிப்போம். நெரித்தால் விரலில் இரத்தம் போகாது. மரத்துப் போனதும் இன்னும் நெரிப்போம். நேர்ரோட்டில் அவ்வப்போது பிடியைத் தளர்த்தி, உள்ளங்கை மட்டும் ஹேண்டிலில் பட, விரல்களை அசைத்துக்கொண்டே வாருங்கள்.

பனிமூட்டத்துல கிளவுஸ் நனைஞ்சுருது. மழையே இல்லியே, எப்படி?

மூட்டம் என்பதே பொடித் தண்ணீர்தான். பர்லியார் தாண்டியதும் மேகத்துக்குள்ளே ஓட்டுகிறீர்கள். காற்றில் மிதக்கிற துளியெல்லாம் உங்கள் கையில் வந்து ஒட்டும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உலர்ந்த 5 டிகிரியைவிட ஈரமான 12 டிகிரி கையை அதிகம் வாட்டுவது இதனால்தான். நவம்பர், டிசம்பர் மூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு மாற்று ஜோடியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைத்திருங்கள்.

மழையென்றால் ரெயின்கோட் கையை கிளவுஸ் கழுத்துக்கு மேலே இழுத்து விடுங்கள். இல்லாவிட்டால் கோட்டில் வழிகிற தண்ணீர் நேராக கிளவுஸுக்குள் வடியும். உலர்ந்த குளிருக்கு மாற்றிச் செய்யலாம், கிளவுஸ் கழுத்து ஜாக்கெட் கைக்கு மேலே. பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையில் பெரிய சைஸை மேலே மாட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க வேடிக்கை, வேலை செய்கிறது. பிடியும் வழுக்காது.

ஹேண்ட் கார்டு போட்டா பிரயோஜனம் உண்டா? டெல்லிப் பக்கம் ஹேண்டில்ல பை மாதிரி ஒண்ணு மாட்டியிருக்காங்களே?

ஹேண்ட் கார்டு காற்றை நேராக விரலில் அடிக்க விடாமல் விலக்கும். அகலமான பிளாஸ்டிக் கார்டாக இருந்தால் நல்ல பலன். கம்பி மட்டும் இருக்கிற அலங்கார வகை லீவரைத்தான் காக்கும், கையை அல்ல.

அந்தப் பை இருக்கிறதே, ஹேண்டில் மஃப், செலவுக்கு ஏற்ற பலனில் அதற்கு இணை இல்லை என்பது என் அபிப்பிராயம். லீவர், சுவிட்ச், கை எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும். உள்ளே மெல்லிய கிளவுஸ் போதும். அழகு இல்லை என்பதால் நம்மாட்கள் தொடுவதில்லை. ஒரு எச்சரிக்கை: பை காற்றில் பின்னுக்கு வளைந்து பிரேக் லீவரை அழுத்துகிறதா என்று மேட்டுப்பாளையத்துச் சமவெளியிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கையை வெளியே எடுத்து மறுபடி உள்ளே நுழைக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவில் நுழைவாயிலைத் தேடக் கூடாது.

ஹீட்டட் கிரிப் மாட்டலாம்னு இருக்கேன். ஸ்பிளெண்டர் தாங்குமா?

மின்சாரத்தில் சூடாகிற கைப்பிடி அது, ஜோடிக்கு 30 முதல் 40 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் 36 வாட் என்றால் 3 ஆம்பியர். 100 சிசி வண்டியில் பேட்டரியே 3, 4 ஆம்பியர்-மணிதான். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் ஹெட்லைட்டும் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அணைத்து மிச்சம் பிடிக்க வழியில்லை. சின்ன வண்டியில் ஐட்லிங்கிலும் மெதுவான ஏற்றத்திலும் உற்பத்தியைவிடச் செலவு மிஞ்சி, டீக்கடையில் நிறுத்திய வண்டி செல்ஃப் எடுக்காமல் போகலாம். கிக்கர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

350 சிசி, 400 சிசி வண்டிகள் பொதுவாகத் தாங்கும். அப்போதும் பேட்டரியிலிருந்து நேரே இழுக்காமல், சாவி போட்டால்தான் ஓடும்படி ரிலே, ஃபியூஸ் வைத்து மாட்டச் சொல்லுங்கள். உள்ளங்கைப் பக்கம்தான் சூடாகும், விரலின் புறப்பக்கம் காற்றில்தான் இருக்கும். அதனால் ஹீட்டட் கிரிப்போடு கார்டோ மஃப்போ சேர்ந்தால்தான் முழுப் பலன். உள்ளங்கைப் பஞ்சு தடியான கிளவுஸ் போட்டால் அந்தச் சூடு வெளியிலேயே நின்றுவிடும்.

பேட்டரி கிளவுஸ், குலுக்கினா சூடாகற பாக்கெட் இதெல்லாம்?

பேட்டரி கிளவுஸ் விரலின் புறப்பக்கத்தையும் சூடாக்கும் என்பது அதன் மேன்மை. முழுச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வரும். நடு அளவில் வைத்து, கை குளிர்வதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

பாக்கெட்டுக்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், ஈரம். இரும்பு துருப்பிடிக்கிறபோது வருகிற சூடுதான் அது. துருப்பிடிக்க ஆக்ஸிஜன் வேண்டும். பிரித்த உடனே கிளவுஸுக்குள் திணித்து மூடினால் காற்றில்லாமல் பாதியில் அணைந்துவிடும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிரித்துக் குலுக்கி வெளியே வைத்து, சூடேறியதும் புறங்கைப் பக்கம் வையுங்கள். உள்ளங்கையில் வைத்தால் பிடி கெடும். தோலில் நேரடியாக வைத்தால் பொத்துவிடும், நடுவே துணி வேண்டும்.

வண்டிய நிறுத்தி என்ஜின்ல கை வச்சு சூடு பண்ணிக்கலாமா?

நிறுத்திய பிறகு, என்ஜின் பக்கத்தில் கையைக் காட்டலாம். தொட வேண்டாம். சைலன்சர் பக்கம் கிளவுஸோடு போகவே போகாதீர்கள், செயற்கை நூல் உருகி ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் இடது கையை என்ஜினுக்குக் கொண்டுபோகிற வித்தைக்காரர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதைவிட நல்லது, இறங்கி நின்று இரண்டு கையையும் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றுவது. சுழற்சியில் இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். ஒரு நிமிஷத்தில் ஊசி குத்துவது போல வலிக்க ஆரம்பிக்கும். இரத்தம் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

ஒரு கட்டிங் போட்டா சூடாகிருமே மாமா? சரி, ஒரு தம்?

கட்டிங் போட்டால் தோலுக்குக் கீழே உள்ள குழாய்கள் விரியும், சூடானது போலத் தெரியும். அந்தச் சூடு நெஞ்சிலிருந்து வந்து காற்றில் போகிற சூடு. கொஞ்ச நேரத்தில் முன்பைவிடக் குளிரும். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் சட்டப்படி குற்றம் என்பது தனி. மலையில் போதையோடு வண்டி எடுக்கிறவரிடம் கை சூட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை மாப்ளே. தம் நேர் எதிர்: நிகோடின் குழாய்களைச் சுருக்கும். விரலுக்கு ஏற்கெனவே குறைந்திருக்கிற இரத்தம் இன்னும் குறையும். டீ குடியுங்கள், கண்ணாடி டம்ளராகக் கேட்டு வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது சமாளிச்சுட்டேன். இறங்கும்போதுதான் பயமா இருந்துச்சு, பிரேக்கே பிடிக்க வரல. ஸ்கூட்டி வேற.

இந்தப் பக்கத்தில் எல்லோரும் படிக்க வேண்டியது இந்தக் கேள்வி. விரல் விறைத்தால் வலிமையும் குறையும், வேகமும் குறையும். லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. கியர் வண்டியில் இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜினே பாதியைப் பிடித்துக்கொள்ளும், பின் பிரேக்கும் காலில் இருக்கிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில், என்ஜின் பிடிப்பும் மிகக் குறைவு. விறைத்த விரலோடு ஸ்கூட்டரில் இறங்குவது ஏறத்தாழ பிரேக் இல்லாமல் இறங்குவதுதான். மசினகுடி பக்கம் போகிற கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. விடியற்காலையில் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

கிளம்புமுன் ஒரு சோதனை: கிளவுஸைக் கழற்றி, கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். தொட முடியவில்லை, அல்லது தொட்டது தெரியவில்லை என்றால் வண்டி எடுக்காதீர்கள். வழியில் இதே நிலை வந்தால், அடுத்த டீக்கடை வரை என்று இழுக்காமல் ஓரமாக நிறுத்தி, முன் பதிலில் சொன்னபடி கையைச் சுழற்றுங்கள், அல்லது அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு, ஒன்பது மணிக்கு மேல் இறங்கினால் இந்தத் தொல்லையே பாதி இல்லை.

பின்னாடி உக்காந்துருக்கறவங்களுக்கு? கொழந்தையை முன்னாடி நிக்க வச்சுக்கலாமா?

பின்னால் இருப்பவர் உங்கள் ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் கை விட்டுக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் நல்லது. குழந்தையை ஸ்கூட்டர் முன்னால் நிற்க வைக்காதீர்கள். முழுக் காற்றும் அதன்மேல்தான் அடிக்கும், கை மரத்துப்போனதைச் சொல்லவும் தெரியாது, அழுகையை ஹெல்மெட்டுக்குள் நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள். பஸ்ஸில் கூட்டி வாருங்கள்.

விரல் வெள்ளையாயிருச்சு, தொட்டா உணர்ச்சியே இல்ல. சுடுதண்ணில விடலாமா?

கொதிக்கிற தண்ணீரில் விடாதீர்கள். உணர்ச்சி இல்லாத விரலுக்குச் சூடும் தெரியாது, வெந்துபோகும். நெருப்பில் காட்டுவதற்கும் இதே பதில். தேய்க்கவும் வேண்டாம். வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்து இதமாக இருக்கிறது என்று சொல்கிற வெதுவெதுப்பில் வையுங்கள். சிவந்து, வலித்து, உணர்ச்சி திரும்பினால் பயமில்லை. அரை மணி நேரத்துக்கு மேலும் வெளுத்தோ கெட்டித்தோ இருந்தால், கொப்புளம் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்கு சுகர் இருக்கு, பிபி மாத்திரையும் போடறேன். ஏதாவது விசேஷமா பாக்கணுமா?

சுகர் பல வருஷமாக இருந்தால் விரல் நரம்புகளில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். குளிர்வதே தாமதமாகத்தான் தெரியும். அதனால் ‘குளிர்ந்தால் நிறுத்துகிறேன்’ என்று இருக்காமல், கைக்கடிகாரத்தைப் பார்த்து அரை மணிக்கொரு தரம் நிறுத்தி அந்தச் சுண்டுவிரல் சோதனையைச் செய்யுங்கள். சூட்டுப் பாக்கெட்டில் மற்றவர்களைவிட நீங்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிபி மாத்திரைகளில் அட்டினோலால், மெட்டோப்ரோலால் வகை கை, காலைக் குளிர வைக்கக்கூடியது. மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

லேசான குளிருக்கே சில விரல்கள் மட்டும் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கிறவர்களும் உண்டு. ரேனாட் என்று அதற்குப் பெயர். கிளவுஸ் கடைக்கு முன்னால் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

அடுத்த வருஷம் லடாக் போறோம். ஊட்டிக்கு வாங்கினதே அங்கயும் போதுமா?

ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போகிறீர்கள் என்றால் அடிப்படை அதேதான், ஆனால் தவறு செய்ய அங்கே இடம் குறைவு. லே 3,500 மீட்டர். கர்துங் லா 5,359 மீட்டர். கோடையிலும் பனி பெய்யும். ஆக்ஸிஜன் குறைவதால் துருச்சூட்டுப் பாக்கெட் மந்தமாகும். பாதையில் பனி உருகி ஓடுகிற ஓடைகளைக் கடக்க வேண்டியிருக்கும். மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் என்பதால் காலையிலேயே கடந்துவிடப் பாருங்கள். நனைந்தால் காய வைக்க இடமில்லை, எனவே இரண்டு ஜோடி கட்டாயம், ஒன்று முழு வாட்டர்ப்ரூஃப். ஹேண்டில் மஃப்புக்கு இங்கே வெட்கப்பட்டாலும் அங்கே வெட்கப்படாதீர்கள்.

லாட்ஜ்ல ராத்திரி நனைஞ்ச கிளவுஸ எப்படிக் காய வைக்கறது? ஹீட்டர் மேல போட்டேன், தோல் வெடிச்சுருச்சு.

தோலுக்கு நேர்ச்சூடு ஆகாது. கேம்ப் ஃபயர் பக்கத்தில் வைப்பதும் அதேதான். தண்ணீரைப் பிழியாமல் அமுக்கி எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி ஒவ்வொரு விரலுக்குள்ளும் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள், படுக்கும் முன் இன்னொரு தரம். விரல் நுனி மேலே, வாய் கீழே இருக்கும்படி நிறுத்தாமல், வாய் திறந்து மேலே பார்க்க ஃபேனுக்கு நேரே தொங்கவிடுங்கள்; ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். உள்துணியைப் பிடித்து இழுத்து வெளியே திருப்பாதீர்கள், விரலுக்குள் தைத்திருக்கிற படலம் கழன்று வந்துவிட்டால் மறுபடி உள்ளே போகாது. காலையில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தால் உள்ளே அந்த நைட்ரைல் கையுறையைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.